விரிதாள்: கலமுகவரியும் சூத்திரமும்

அட்டவணையாகத் தரவுகளை இட்டுக் கணிப்பதற்கு உதவும் மென்பொருள் விரிதாள் எனப்படும். தனியாள் கணினிக்கான முதலாவது விரிதாள் 1979இல் வெளிவந்த விசிகல்க் ஆகும். இன்று பெரிதும் பயன்படுவது எக்செல்.

அடிப்படைச் சொற்கள்

நிரல்: மேலிருந்து கீழானது. ஏ, பி, சி என எழுத்தால் குறிக்கப்படும்.
நிரை: இடமிருந்து வலமானது. 1, 2, 3 என எண்ணால் குறிக்கப்படும்.
கலம்: நிரலும் நிரையும் சந்திக்கும் இடம். பி2 என்பது ஒரு கலமுகவரி.
வீச்சு: அடுத்தடுத்த கலங்களின் கூட்டம். உதாரணம்: சி2:சி4.
சூத்திரம்: எப்போதும் = குறியுடன் தொடங்கும்.

உதாரணம்

மாத்தளை மாவட்ட மிளகுச் செய்கையாளர் ஒருவரின் கணக்கைக் கருதுக. பச்சை மிளகு உலர்ந்தால் நிறை ஏறத்தாழ மூன்றிலொன்றாகும். எனவே ஈ1இல் 0.33 இடுக.

பி2 (உக்குவளை): 90 கிலோ
பி3 (இரத்தோட்டை): 120 கிலோ
பி4 (யட்டவத்தை): 60 கிலோ

சி2இல் =பி2*ஈ1 என இட்டால் 29.7 கிடைக்கும். அதனைக் கீழே பிரதி செய்தால் சி3இல் =பி3*ஈ2 என மாறும். ஈ2 வெற்றுக்கலம், விடை 0. கணினி பிழை எதனையும் காட்டாது. 89.1 கிலோ உள்ளவர் 29.7 கிலோ என்றே எண்ணுவார்!

சரியான சூத்திரம்: =பி2*$ஈ$1. $ குறி முகவரியை மாறாது நிறுத்தும். மொத்தம்: =சம்(சி2:சி4).

பயிற்சி

ஈ1இன் பெறுமானம் 0.30 ஆயின் மொத்தம் யாது? (விடை: 81)