மலை வேட்டைக்குரிய தோட்டா

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கிலுள்ள ராக்கி மலைகளில், உணவையும் கூடாரத்தையும் முதுகிற் சுமந்து சென்று மானும் எல்க்கும் வேட்டையாடுவோர் பலர். எல்க் மானினத்தைச் சார்ந்ததே. எனினும் முதிர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 700 ராத்தல் நிறையுடையது. இவ்விரண்டுக்கும் ஏற்ற தோட்டா யாதென ஈண்டு ஆராய்வாம்.

மலையேறுவோன் சுமை குறைய இலேசான துப்பாக்கியை நாடுகிறான். ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதி அவனை விடுவதில்லை. குண்டு முன்னே பாயுங்கால் துப்பாக்கி பின்னே உதைக்கின்றது. தோட்டா ஒன்றேயாயினும், துப்பாக்கியின் நிறை பாதியானால் உதையின் சக்தி இருமடங்காகும். உதைக்கு அஞ்சுவோன் விசையை அழுத்துங்கால் உடல் குலுங்கிக் குறி தவறுவான்.

ஆகலின், 1963இல் வெளிவந்த .300 வின்செஸ்டர் மாக்னம் போன்ற வலிய தோட்டா இலேசான துப்பாக்கிக்கு அத்துணை இசைவதன்று. 1925இல் தோன்றிய .270 வின்செஸ்டரும், 1952இல் தோன்றிய .308 வின்செஸ்டரும் போதுமானவை. முன்னதில், மானுக்கு 130 கிரெயின் நிறையுள்ள குண்டும், எல்க்குக்கு எளிதிற் சிதறாத 150 கிரெயின் குண்டும் பொருந்தும்.

நுரையீரலைத் துளைக்கும் நடுத்தரக் குண்டு விலங்கை விரைவில் வீழ்த்தும்; வயிற்றிற் பட்ட பெருங்குண்டோ அதனை நெடுநேரம் வதைக்கும். காயமுற்ற விலங்கு காட்டில் மறைந்து வீணே மடிதல் கொடுமையன்றோ? எனவே, வேட்டுவன் தன் தோள் தாங்கும் தோட்டாவையே தெரிந்துகொள்ள வேண்டுமென்பது எம் துணிபு.