பிஜ் தொலைக்காட்சி நிலையம்: வட்டார ஒளிபரப்பின் ஆக்கமும் இழப்பும்

இந்தியத் தொலைக்காட்சி வரலாறு பெரும்பாலும் பெருநகர நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இப்போக்கிற்கு விலக்காக அமைவது, குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பிஜ் என்னும் சிற்றூரில் 1975இல் நிறுவப்பெற்ற நிலையமாகும். அதே ஆண்டில் தொடங்கிய செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 ஊர்களைச் சென்றடைந்தது. பிஜ் நிலையமோ ஒரு கிலோவாட் திறனுடைய பரப்பியைக் கொண்டு ஒரு மாவட்டத்தையே இலக்காகக் கொண்டது.

இவ்வரம்பே அதன் வலிமையாயிற்று. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர் ஊர்மக்களிடம் முன்னாய்வு செய்து, வட்டாரப் பேச்சுவழக்கிலேயே நிகழ்ச்சிகளை உருவாக்கினர். உழவு, பால்வளம் ஆகியவற்றோடு குறைந்தபட்சக் கூலி, சாதி ஒடுக்குமுறை ஆகியனவும் பொருளாயின. மக்கள் பொதுவிடங்களில் கூடிப் பார்த்தனர். ஊரகத் தொடர்பாடலுக்கான யுனெஸ்கோ பரிசு 1984இல் இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

எனினும், 1980களின் நடுவில் அகமதாபாத்தின் உயர்திறன் பரப்பி இப்பகுதியையும் தழுவியபோது, பிஜ் நிலையம் மிகையெனக் கருதப்பட்டு நாளடைவில் மூடப்பட்டது. அலையெல்லை விரிந்தது, கூலியாள் தன் வழக்கில் தன் குறையைக் கேட்கும் வாய்ப்போ சுருங்கியது. பரப்பெல்லையை மட்டும் வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதை இந்நிலையத்தின் வரலாறு உணர்த்துகிறது எனலாம்.