உளுந்து வெளுத்தால் வேரைப் பாருங்கள்

விதைத்து 25 நாளில் உளுந்து வெளுத்து நின்றால் பலரும் யூரியா மூட்டையைத் தேடுகிறார்கள். சற்றுப் பொறுங்கள். முதலில் எந்த இலை வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். அடியிலைகள் சீராக மஞ்சளாகிச் செடி குன்றியிருந்தால் தழைச்சத்துக் குறை. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது வரும். மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய். பிந்தைய இரண்டுக்கும் யூரியா மருந்தல்ல.

தழைச்சத்துக் குறைதான் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது வேர். செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ரைசோபியம் (காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாக்டீரியா) குடியிருக்கும் வேர்முடிச்சுகள் இவை. ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. காய் முற்றும் பருவத்தில் சிவப்பு மங்குவது இயல்பு. அதற்காகப் பதற வேண்டாம். நூற்புழு (வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு) உண்டாக்கும் வீக்கத்தையும் முடிச்சென்று எண்ணிவிடக் கூடாது. முடிச்சை விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு வீக்கமோ வேரே தடித்தது, உதிராது.

முடிச்சு பிடிக்காததற்குக் காரணங்கள் சில. அந்த வயலில் பல ஆண்டுகளாகப் பயறு வகை போடாமல் இருந்திருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம், மணிச்சத்து குறைந்திருக்கலாம். யூரியாவை அதிகம் இட்டாலும் இதே கதிதான். சாப்பாடு தட்டுக்கே வந்துவிட்டால் சமையற்காரருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

நிற்கிற பயிருக்கு வடிகால் எடுத்து, களை நீக்கி, பூக்கும் பருவத்தில் ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளியுங்கள். இப்போது ரைசோபியம் வாங்கி ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. அதன் இடம் விதைநேர்த்தி.

ஏக்கருக்கான 8 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். நன்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைமேல் மெல்லிய பூச்சாகப் படியும்படி புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிடுங்கள். சூடான கஞ்சி, வெயிலில் காயவைத்தல், 'ஒரே வேலையாக முடியட்டும்' என்று உரத்தோடு கலத்தல் ஆகிய மூன்றும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பூஞ்சாணக்கொல்லியும் இட வேண்டுமென்றால் அதை ஒரு நாள் முன்னதாக முடியுங்கள்.

பொட்டலத்தில் பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். உளுந்துக்கான ரைசோபியம் பாசிப்பயறுக்கும் தட்டைப்பயறுக்கும் பொருந்தும். சோயாவுக்கும் மலைப்பகுதி பீன்ஸுக்கும் பொருந்தாது. அந்த பீன்ஸ், தனக்குரிய ரைசோபியம் கிடைத்தாலும் தழைச்சத்தைக் குறைவாகவே சேர்க்கும். ஆகவே அங்கே பாக்டீரியாவை நம்பி உரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த பட்டத்தில் நேர்த்தி செய்யாத விதையை ஒரு பாத்தியில் முதலில் விதைத்துவிட்டு, மற்றதை நேர்த்தி செய்து விதையுங்கள். 30ஆம் நாளில் இரண்டிலும் ஐந்தைந்து செடிகளைப் பெயர்த்து முடிச்சுகளைப் பிளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரேபோலச் சிவந்திருந்தால் உங்கள் மண்ணில் போதிய பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. பொட்டலச் செலவு மிச்சம்.