பாங்காக்கில் ஒரு பாவை நோன்பு

சமயங்கள் நாடுவிட்டு நாடு பரவிய வரலாற்றைப் படிக்கும்போது, படையெடுத்த மன்னர்களும் சமயத் தொண்டர்களுமே நம் கண்முன் நிற்பர். பாட்டொன்று கடல்கடந்த கதையை நான் அறிந்தது சென்ற மார்கழியில்தான்.

எங்கள் இல்லம் இராசபாளையத்தில். தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. மார்கழி பிறந்தால் அப்பத்தா விடியுமுன் எழுந்து திருப்பாவை முப்பதையும் பாடுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. இளமையில் திருவில்லிபுத்தூர்க் கோயிலில் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்தவை. சொற்கள் சில தேய்ந்தும் திரிந்தும் வரும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் என்ற செருக்கில், "பொருள் தெரியாமல் தப்புந்தவறுமாகப் பாடி என்ன பயன்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் விடை கூறவில்லை. மறுநாள் முதல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக் கொண்டார்.

அந்த வாரம் நூலகத்தில் தனிநாயகம் அடிகளாரைப் பற்றிப் படித்தேன். 1913இல் ஈழத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த நாளில் தமிழை முறையாகக் கற்றவர். தாய்லாந்தின் அரசச் சடங்குகளில் தமிழ்த் திருப்பாடல் ஒலிப்பதை எடுத்துரைத்தவர்களுள் ஒருவர். பௌத்த நாட்டில் ஒலிக்கும் சைவப் பாட்டைக் கிறித்தவத் துறவி இனங்கண்டு சொல்கிறார்! அன்று வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

பாங்காக் நகரில் 1784இல் முதலாம் இராமா மன்னர் அமைத்த அந்தணர் கோயில் உண்டு. அங்கே ஏறத்தாழ நம் மார்கழி, தையை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் விழாவுக்குப் பெயர் 'திரியம்பாவாய் – திரிபாவாய்'. முன்னது சிவனுக்கு, பின்னது திருமாலுக்கு. மணிவாசகரின் திருவெம்பாவையும் நம் கோதையின் திருப்பாவையுமே இப்பெயர்களாகத் திரிந்தன என்பர் அறிஞர். ஓதுகின்ற அந்தணர்க்குத் தமிழ் தெரியாது.

கோயிலின் எதிரே சுமார் 27 மீட்டர் உயரச் செந்நிற ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. இளைஞர்கள் அதில் வீசி ஆடி, கழியுச்சியில் தொங்கும் காசுப்பையைப் பல்லால் கவ்வுவராம். (இயற்பியல் மாணவனாதலால் அந்த ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடத்தான் என் கை முதலில் பரபரத்தது!) 1935இல் ஆட்டம் நின்றது, ஓதுதல் நிற்கவில்லை.

வழி திறந்தவர்கள் வணிகர்கள். தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, 'அவனிநாரணம்' என்னும் குளத்தையும், மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் குறிக்கிறது. அப்பகுதியில் திருமால் சிலையும் கிடைத்துள்ளது. சரக்கு விற்கப் போனவர்கள் குளம் வெட்டித் தெய்வத்தையும் குடியேற்றியிருக்கிறார்கள்.

இத்தனையையும் அப்பத்தாவிடம் சொன்னேன். ஊஞ்சல் கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, "அம்புட்டுத் தூரத்துல, பாஷை தெரியாத சனமாய்யா பாடுது?" என்றார்.

"ஆமா அப்பத்தா."

"தப்பும் தவறுமாவா?"

"தப்பும் தவறுமாத்தான்."

மறுநாள் விடியலில் அவர் குரல் தெருமுனை வரை கேட்டது.