முயற்சியும் விசுவாசமும்

கேள்வி: கர்த்தரையே நம்பவேண்டும் என்றால் மனித முயற்சி எதற்கு?

பதில்: முயற்சியை வேதாகமம் பழிக்கவில்லை, முயற்சியையே கடவுளாக்குவதைத்தான் பழிக்கிறது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தான். யூதாவின் ராஜாவான எசேக்கியா எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தார், ஆயுதங்கள் செய்தார், பாறையைக் குடைந்து நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தார். சுமார் 533 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் எருசலேமில் இன்றும் இருக்கிறது. ஆனாலும் மக்களைத் திடப்படுத்த அவர் மதிலைக் காட்டவில்லை, கர்த்தரைக் காட்டினார். நீர்நிலைகளைப் பேணியவர்கள் அவற்றை உண்டாக்கியவரை மறந்ததைத்தான் ஏசாயா தீர்க்கதரிசியும் கடிந்துகொண்டார். அந்தப் படையெடுப்பில் எருசலேம் தப்பியது சரி, யூதாவின் லாகீசு நகரம் ஏன் வீழ்ந்தது என்று கேட்கலாம். விசுவாசம் வெற்றிக்கான உத்தரவாதம் அல்ல. நம் பலம் தோற்ற இடத்திலும் கைவிடாதவரைப் பற்றிக்கொள்வதே விசுவாசம். ஆகவே முழுமூச்சாய் உழையுங்கள்; நம்பிக்கையை மட்டும் உழைப்பின்மேல் வைக்காதீர்கள்.