வீட்டுத்தோட்டத்தில் பேரி மரம்: நடுமுன் எடுக்க வேண்டிய மூன்று தீர்மானங்கள்

மாணவர்களே, கத்தரி, மிளகாய் போன்ற பயிர்களில் பிழை விட்டால் அடுத்த போகத்தில் திருத்தலாம். பழமரத்தில் அப்படியல்ல. பிழை தெரியவரும்போது பல ஆண்டுகள் கடந்திருக்கும். பெயார்ஸ் என நாம் வாங்கி உண்ணும் பேரியை உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. இடம்

பேரி இடைவெப்ப வலயப் பயிர். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குநிலையில் இருக்கும். போதிய குளிர் கிடைத்த பின்னரே அரும்புகள் சீராக விரிந்து பூக்கும்.

உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும். யாழ்ப்பாணத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு சராசரி ஏறத்தாழ 16 பாகை. ஆகவே இலங்கையில் பேரிக்கு ஏற்ற இடம் மலைநாடே. அங்கும் ஐரோப்பாவைப் போன்ற நீண்ட குளிர்காலம் இல்லாததால், குறைந்த குளிருடன் பூக்கும் வர்க்கத்தையே தெரிவுசெய்ய வேண்டும்.

"குளிரான இடம் என்பதால்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. குளிர் உறங்குநிலையை நீக்குகிறது என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

2. கன்று

விதையிலிருந்து வளரும் மரம் தாய் மரத்தின் இயல்புகளை அப்படியே காட்டாது. காய்க்கவும் நீண்ட காலம் எடுக்கும். எனவே பதியமுறை இனப்பெருக்கத்தால் பெற்ற ஒட்டுக்கன்றே சிறந்தது. ஒட்டும்போது ஒட்டுக்கட்டையினதும் ஒட்டுக்கிளையினதும் மாறிழையங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

3. துணை மரம்

பெரும்பாலான பேரி வர்க்கங்கள் தன்மலட்டுத்தன்மை உடையவை. அவற்றுக்கு அயன் மகரந்தச் சேர்க்கை தேவை. இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். ஒரே தாய் மரத்திலிருந்து பெற்ற இரு ஒட்டுக்கன்றுகளை அருகருகே நட்டாலும் பயனில்லை. அவை பிறப்புரிமையியல் ரீதியில் ஒன்றே. அதே காலத்தில் பூக்கும் வேறொரு வர்க்கம் அருகில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் வேறு வர்க்கத்தின் கிளையொன்றை அதே மரத்தில் ஒட்டலாம்.

நடுகையும் பராமரிப்பும்

* 60 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழமுள்ள குழியை மேல்மண், கூட்டெருக் கலவையால் நிரப்புக. மலைநாட்டு மண் பொதுவாக அமிலத்தன்மையானது. தேவைக்கேற்பத் தொலமைற்று இடுக.
* ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்குமாறு நடுக.
* ஒட்டுக்கட்டையில் தோன்றும் தளிர்களை உடனே அகற்றுக.
* ஒளியும் காற்றும் உட்புகுமாறு கத்தரிக்குக.
* பூக்கும் காலத்தில் பீடைநாசினி விசிறுவதைத் தவிர்க்குக. மகரந்தத்தைக் காவுபவை தேனீக்களே.

விஞ்ஞானப் பாடத்துடன் தொடர்பு

பேரியின் உண்ணத்தக்க சதை பெரும்பாலும் பூவின் ஏந்தியிலிருந்து உருவாவது. எனவே அது பொய்க்கனி. கடிக்கும்போது பல்லில் மணல்போல் நெருடுபவை வல்லருகுக் கலவிழையத்தைச் சேர்ந்த கற்கலங்கள்.

மாதிரி வினா

நுவரெலியாவில் ஒருவர் ஒரே வர்க்கப் பேரியின் இரு ஒட்டுக்கன்றுகளை நட்டார். சில ஆண்டுகளின் பின் இரண்டும் நன்கு பூத்தன, காய்க்கவில்லை. காரணம் யாது? பரிகாரம் ஒன்று தருக.

விடை: மரங்கள் பூத்திருப்பதால் குளிர் போதுமானது. குறை மகரந்தச் சேர்க்கையிலேயே உள்ளது. இரண்டும் ஒரே வர்க்கமாகையால் தன்மலட்டுத்தன்மை காரணமாகக் கருக்கட்டல் நிகழவில்லை. ஒரே காலத்தில் பூக்கும் வேறு வர்க்கத்தின் கிளையை ஒட்டுதல் பரிகாரமாகும்.

வினாவில் "நன்கு பூத்தன" என்ற சொற்களைக் கவனித்தீர்களா? காலநிலையைக் காரணமாக எழுதுவோர் அவற்றை வாசிக்காமல் கடந்தவர்களே. தரவு வினாவுக்குள்ளேயே இருக்கும். அதன் கீழ்க் கோடிட்ட பின் விடையைத் தொடங்குங்கள்.