கண்ணாடியைக் கழற்ற லென்ஸ் மாற்றமா?

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள், கார்னியா மெலிந்திருப்பதால் லேசர் ஒத்துவராதவர்கள் விசாரிக்கும் சிகிச்சை இது. கண்புரைக்குச் செய்யும் அதே ஆபரேஷன்தான்: இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, பவர் கணக்கிட்ட செயற்கை லென்ஸை உள்ளே வைப்பார்கள். பிறகு அந்தக் கண்ணில் புரை வராது. எடுத்த லென்ஸைத் திரும்ப வைக்கவும் முடியாது.

எந்த லென்ஸ் என்பதில்தான் நிதானம் வேண்டும். மோனோஃபோகல் ஒரே தூரத்துக்கு. தூரப் பார்வைக்கு வைத்தால் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுவீர்கள். மல்டிஃபோகல் இரண்டுக்கும் உதவும், ஆனால் இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். ராத்திரி வண்டி ஓட்டுவதே பிழைப்பு என்றால் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் டோரிக் லென்ஸ் பற்றிக் கேட்கலாம்.

மைனஸ் பவர் மிக அதிகமுள்ள இளவயதினர் அவசரப்பட வேண்டாம். விழித்திரை விலகும் அபாயம் அவர்களுக்குக் கூடுதல். சொட்டு மருந்து விட்டு விழித்திரையை முழுதாகப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள், அளவெடுக்கும் முன் எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பவர் கணக்கே தப்பலாம்.

இன்சூரன்ஸை நம்பிப் போகாதீர்கள். இந்திய பாலிசிகளில் 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு பொதுவாக விலக்கப்பட்டிருக்கும்.

ஆபரேஷன் முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்துப் பார்வை மெல்ல மங்கினால், லென்ஸுக்குப் பின்னுள்ள உறை மங்கியிருக்கலாம். யாக் லேசரில் சில நிமிட வேலை. கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டினாலோ கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.